இரண்டாம் வரிசையில் ஆறாம் நம்பர்

தம்பி,

நாளைக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்தின் விளையாட்டுப் பரிசளிப்பு விழா. பொன்னாடைகளை எடுத்துவரும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்தது. ரண்டர்ஸ் நகரில் ஒரு கடைக்காரர் கொழும்பிலிருந்து வருவித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் தனித்தனியாக பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கலையாமல் இருந்தது. பெட்டியைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் ஹோர்சன்ஸுக்குத் திரும்பினேன். காருக்குள் வெயில் ஏறியதும் அந்த மணம் கிளம்பியது. புதுத் துணியும் சரிகையும் பூச்சி உருண்டையும் கலந்த மணம். கண்ணாடியை இறக்கினேன். போகவில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில், இரண்டாம் வரிசையில், உனக்குப் பக்கத்தில் இருந்தபோது என் மூக்கில் ஏறியதும் இதே மணம்தான். வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பெட்டியை டிக்கிக்கு மாற்றினேன். டிக்கிக்குள் ஏற்கெனவே ஒரு பொன்னாடை கிடக்கிறது. அது உன்னுடையது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீயும் நானும் கதைத்தது அரைகுறை டேனிஷில். உன்னுடையதில் சேர்பியா கரகரக்கும், என்னுடையதில் யாழ்ப்பாணம் இழுபடும். இரண்டையும் கேட்டு எங்கள் பெடியன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போது உன்னை நினைத்தால் நீ சொன்னதெல்லாம் என் ஊர்ப் பேச்சில்தான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன். நீ ஒன்றும் நினைக்கமாட்டாய்.

உன்னைப் பழகுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். என் மகனுக்கு அப்போது பந்துப் பைத்தியம். அவனைக் கூட்டிக்கொண்டு, பெயர் சொல்ல விரும்பாத அந்தச் சின்னக் கழகத்தின் மைதானத்துக்குப் போவேன். மகன் கோல் அடிப்பவர்களைப் பார்ப்பான். நான் ஆறாம் நம்பரைப் பார்ப்பேன். பந்தைப் பறிப்பாய், பக்கத்தில் நிற்பவனிடம் கொடுப்பாய், அடுத்த ஓட்டை எங்கே திறக்கப் போகிறது என்று பார்த்து அங்கே போய் நிற்பாய். உன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது மஞ்சள் அட்டை காட்டும்போது மட்டும்தான். அதையும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். "நடுவில நிக்கிறவனை யாரும் கவனிச்சால், அவன் ஏதோ பிழை விட்டிட்டான் எண்டு அர்த்தம் அண்ணை," என்று பிற்காலத்தில் நீ சொன்னாய். அப்போது அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நான் வேலை செய்கிற களஞ்சியத்துக்கு, இங்கே லாகர் என்பார்கள், ஒரு புது ஆள் வந்தான். சாமான் பலட் ஏற்றும் வண்டியை இழுத்துக்கொண்டு, வலது காலை ஒரு சொட்டு நொண்டி நடந்தான். அந்த நடையை வைத்து ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பெட்டி சரிந்து விழப்போனது. விழுவதற்கு முன்பே நீ அந்த இடத்தில் நின்றாய். அப்போதுதான் பிடிபட்டது. கிட்ட வந்து, "நீ அந்த ஆறாம் நம்பர் தானே?" என்று கேட்டேன். நீ இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாய், யாரும் கேட்டுவிடுவார்களோ என்று. பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. அந்த லாகரில் வேறு ஒருவருக்கும் உன்னைத் தெரியாது.

இடைவேளைச் சாப்பாட்டு மேசையில்தான் உன் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பதினாறு வயதில் பெல்கிரேட்டில் ஒரு பெரிய கழகத்தின் இளையோர் அணிக்குப் போனாய். அங்கிருந்து இரவல் சாமான் மாதிரி ஊர் ஊராக அனுப்பப்பட்டாய். ஹங்கேரியில் ஒரு வருடம். கிரேக்கத்தில், சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாம் தந்த ஒரு கழகத்தில் ஒரு வருடம். நாட்டின் இளையோர் அணிக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். மைதானத்துக்கு வெளியே வாங்கில் இருத்திவைத்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் டென்மார்க். என் மனைவி கட்டித்தந்த புட்டையும் சம்பலையும் உன் பக்கம் தள்ளுவேன். நீ அரைத்த சிவப்பு மிளகாயைப் போத்தலில் கொண்டுவந்து என் பக்கம் தள்ளுவாய். அந்த மேசையில் பாணும் ஈரல் பூச்சும் சாப்பிட்ட டேனிஷ்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாட்டார் என்று நினைத்தார்கள். ஒருவன் கேட்டே விட்டான். நீ "ஓம்" என்று தமிழிலேயே சொன்னாய்.

முழங்காலின் கதையை நீ கடைசியாகத்தான் சொன்னாய். உன் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் நிலையில் இருந்த வசந்தம் அது. முழங்கால் வீங்கிப்போய் இருந்தது. ஊசி போட்டு இறங்கு, நீ இல்லாவிட்டால் நடுக்களம் திறந்துவிடும் என்றார்கள். இறங்கினாய். ஒவ்வொரு கிழமையும் ஊசி, ஒவ்வொரு கிழமையும் ஆட்டம். கழகம் தப்பியது. கால் தப்பவில்லை. அந்தப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று, போகிற ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்குள் கூப்பிட்டு, பூங்கொத்தும் கண்ணாடிச் சட்டம் போட்ட மேற்சட்டையும் கொடுப்பார்கள். சனம் எழும்பி நின்று கைதட்டும். அது இந்த நாட்டுக் கழகங்களின் வழக்கம். நீ ஊன்றுகோல்களோடு மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தாய். கழகத்தின் விளையாட்டுப் பணிப்பாளர் வந்து தோளில் கை வைத்து, "இப்பிடி ஊன்றுகோலோட வேண்டாம். இலையுதிர் காலத்தில நீ நடந்து வரேக்க வடிவாச் செய்வம்," என்றாராம். இலையுதிர் காலத்தில் நீ நடந்தாய். அவர் வேறொரு கழகத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு நீ யார் என்றே தெரியவில்லை.

அதைச் சொல்லும்போதும் நீ யாரையும் திட்டவில்லை. உனக்கு இருந்த கவலை வேறு. உன் மகள். நீ விளையாடிய காலத்தில் அவள் தொட்டிலில் கிடந்தாள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து நீ களஞ்சியத்துக்குப் போய்வருகிற அப்பா. தாய் பிரிந்துபோன பிறகு உன்னோடேயே வளர்ந்த பிள்ளை. ஒருநாள் பள்ளிக்கூடத்தில், என் அப்பா பெரிய உதைபந்தாட்டக்காரர் என்று சொல்லியிருக்கிறாள். கூடப் படிக்கிற ஒருவன் உடனே தொலைபேசியில் தேடிப் பார்த்திருக்கிறான். நீ புல்லில் விழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டு கிடக்கிற ஒரேயொரு படம்தான் வந்ததாம். அதை எனக்குச் சொல்லிவிட்டு நீ மிளகாய்ப் போத்தலின் மூடியைத் திருகி மூடினாய். பிறகு, "எனக்குக் காசு, புகழ் ஒண்டும் வேண்டாம் அண்ணை. ஒருக்கா, ஒரேயொருக்கா, அவள் பாத்துக்கொண்டிருக்க ஆரும் எனக்குக் கைதட்டோணும்," என்றாய். இவ்வளவுதான் நீ இந்த நாட்டில் கேட்டது.

அந்த நேரத்தில் எங்கள் சங்கத்தின் அணி வருடா வருடம் தோற்றுக்கொண்டிருந்தது. கோடையில் டென்மார்க்கில் உள்ள தமிழ்க் கழகங்கள் எல்லாம் கூடி ஆடுகிற போட்டி. முதல் சுற்றிலேயே ரண்டர்ஸ் பெடியன்கள் எங்களைச் சாப்பிட்டுவிடுவார்கள். நான் உன்னிடம் கேட்டேன். நீ யோசிக்கக்கூட இல்லை. அடுத்த ஞாயிறு காலையில் நகரசபை மைதானத்தில் சிவப்புக் கூம்புகளை அடுக்கிக்கொண்டு நின்றாய். முதல் நாள் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணை, உங்கட பத்துப்பேரும் கோல் அடிக்கவெண்டே பிறந்தவங்களோ? ஒருத்தனும் திரும்பி ஓடமாட்டன் எண்டுறான்," என்று கேட்டாய். நான், எங்கள் சங்கத்திலும் எல்லாரும் தலைவர்தான், கதிரை அடுக்க ஆள் இல்லை என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உண்மையில் அது பகிடி இல்லை என்று உனக்குப் பிறகுதான் விளங்கியது.

மழையிலும் வந்தாய், காய்ச்சலோடும் வந்தாய். எங்கள் பெடியன்களுக்குத் திரும்பி ஓடப் பழக்கினாய். நடுவில் நிற்கப் பிரியப்பட்ட ஒருவனைக் கண்டுபிடித்து, அவனுக்கு மட்டும் ஆட்டம் முடிந்த பிறகும் சொல்லிக்கொடுத்தாய். முழங்காலுக்கு என் மனைவி ஊரில் இருந்து வந்த தைலம் கொடுத்துவிடுவாள். அதைப் பூசிக்கொண்டு நீ நிற்கிற பக்கத்தில் இருந்து காற்று அடித்தால் மைதானம் முழுக்க மணக்கும். மூன்றாவது கோடையில் இறுதி ஆட்டத்தில் ரண்டர்ஸை வென்றோம். பெடியன்கள் உன்னைத் தூக்கப் போனார்கள். முழங்கால் என்று நீ கையைக் காட்டித் தடுத்துவிட்டு, ஒதுங்கிப் போய்க் கூம்புகளைப் பொறுக்கினாய்.

பரிசளிப்புக்கு முன்பு நான் சங்கச் செயலாளரோடு கதைத்தேன். பயிற்சியாளரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்துங்கள், அவருடைய மகளும் வருகிறாள் என்று தெளிவாகச் சொன்னேன். "ஓம் ஓம், அதெல்லாம் செய்வம் அண்ணை," என்றார். நான் அதை நம்பி, பொன்னாடை என்றால் என்ன என்று உனக்கு விளக்கினேன். மதிக்க வேண்டிய ஆளை எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, தோளில் போர்த்துவது என்றேன். "சனம் கைதட்டுமோ?" என்று கேட்டாய். தட்டும் என்றேன். அன்றைக்குப் பின்னேரம் நீ கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு வந்தாய். லாகர் உடுப்பிலும் விளையாட்டு உடுப்பிலும் தவிர நான் உன்னை அதற்கு முன் பார்த்ததில்லை. மகளுக்குத் தலை பின்னிவிட்டிருந்தாய், கொஞ்சம் கோணலாக. இரண்டாம் வரிசையில் மேடைக்கு ஏறுகிற படிக்கு நேரே இடம் பார்த்து இருந்தீர்கள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுத எனக்கு மனம் வரவில்லை. தலைவருக்குப் போர்த்தினார்கள். முன்னாள் தலைவருக்குப் போர்த்தினார்கள். குளிர்பானம் தந்தவருக்கு, கூடாரம் தந்தவருக்கு, ஒலிபெருக்கி தந்தவருக்கு, ஒலிபெருக்கி தந்தவரின் மாமனாருக்கு. லண்டனில் இருந்து யாரையோ பார்க்க வந்த ஒருவர் கண்ணில் பட்டார், அவரையும் விடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நீ கைதட்டினாய். உன்னுடைய பெரிய கைகளில் இருந்து அந்தச் சத்தம் எல்லாருடையதையும் விட ஒரு கணம் பிந்தித்தான் ஓயும். உன் மகள் ஒவ்வொரு தடவையும் உன் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் டேனிஷில் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு எப்ப?" நீ, "இன்னும் முடியேல்லை," என்றாய்.

நான் எழும்பி மேடைப் பக்கம் போனேன். செயலாளர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "அண்ணை, மண்டபத்தை நேரத்துக்குக் குடுக்கோணும்," என்றார். பொன்னாடை இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றார். நான் மேடைப் படியை விட்டு இறங்கவில்லை. அவருக்கும் என் முகத்தைப் பார்க்க என்னவோ மாதிரி இருந்திருக்க வேண்டும். தணிந்த குரலில் சொன்னார்: "அண்ணை, உவங்கள் உப்பிடி ஒண்டும் எதிர்பாக்க மாட்டாங்கள். வெள்ளையள்தானே. நாங்கள் போர்த்தினாலும் சிரிப்பாங்கள்."

தம்பி, இந்த நாட்டில் நீ வாழ்ந்த காலம் முழுக்க டேனிஷ்காரர்கள் உன்னை வெளிநாட்டான் என்றார்கள். நாங்கள் உன்னை வெள்ளைக்காரன் என்றோம். அவர்களுக்கு நீ அவ்வளவு வெள்ளை இல்லை, எங்களுக்கு நீ கறுப்பும் இல்லை. கழகத்தார் உன் காலை எடுத்தார்கள், நாங்கள் உன் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்தோம். கழகத்தார் மறந்ததையாவது தொழில் என்று சொல்லித் தள்ளிவிடலாம். நாங்கள், மரியாதை மரியாதை என்று வாய் ஓயாமல் கதைக்கிற சனம். முன்பின் தெரியாத லண்டன்காரருக்குப் போர்த்திய துணியில் உனக்கு ஒரு முழம் இல்லாமல் போனதே என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். ஆற வேண்டிய தேவை ஒன்றும் இல்லை.

நீ அடுத்த ஞாயிறும் வந்தாய். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கூம்புகளை அடுக்கினாய், விசில் ஊதினாய், ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்லவில்லை. நான்தான் தொடங்கினேன். "விடுங்கோ அண்ணை," என்றாய். இலை உதிர்ந்து முடிகிற வரைக்கும் வந்தாய். பிறகு முழங்கால் ஏலாது என்று சொன்னாய். லாகரிலும் பின்னேர வேலைக்கு மாறிக்கொண்டாய். நான் போகிற நேரத்தில் நீ வருவாய். வாசலில் கையை உயர்த்துவாய். சாப்பாட்டு மேசையில் டேனிஷ்காரர்கள், உன்னுடைய நாட்டான் எங்கே என்று என்னைக் கேட்பார்கள்.

அந்தக் குளிர்காலத்துக்கு அடுத்த குளிர்காலத்தில் ஒரு காலை உன் இதயம் நின்றது. சப்பாத்து போடக் குனிந்தவன் எழும்பவில்லை என்றார்கள். நாற்பத்தொரு வயது.

உன் செத்தவீட்டுக்கு எவ்வளவு பேர் வந்தார்கள் என்று நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். கழகத்தில் இருந்து மாலையும், கண்ணாடிச் சட்டம் போட்ட ஆறாம் நம்பர் மேற்சட்டையும் வந்தன. அந்தக் கிழமை ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்களாம். கொண்டுவந்தவர் மிகவும் பெருமையாகச் சொன்னார். சட்டத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சவப்பெட்டியின் காலடியில் சாத்தினார்கள். உன்னுடைய சேர்பிய ஆட்கள் தங்கள் வழக்கப்படி அவித்த கோதுமையில் சீனியும் வால்நட்டும் குழைத்து, வந்த எல்லாருக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்கள். நான் வாங்கி வாயில் போட்டேன். அப்போதுதான் எங்கள் சங்கத்தார் வந்தார்கள். உன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார்கள். செயலாளர் பையில் இருந்து ஒரு பொன்னாடையை எடுத்து உதறி, உன் பெட்டியின் மேல் போர்த்தினார். ஒருவர் படம் எடுத்தார். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவையும் எடுத்தார்.

அதற்குள் உன் மகள் வளர்ந்துவிட்டிருந்தாள். உன்னைப் போலவே தோளை முன்னுக்கு வைத்துக்கொண்டு நின்றாள். என்னிடம் வந்து, இது என்ன என்று டேனிஷில் கேட்டாள். மரியாதை செய்ய வேண்டியவருக்குப் போர்த்துவது என்றேன். "அண்டைக்கு அந்த மண்டபத்தில எல்லாருக்கும் போட்டதோ?" என்றாள். ஓம் என்றேன். துணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அண்டைக்கு வீட்ட போகேக்க காரில அப்பா சொன்னவர், அடுத்த வருசம் வடிவாச் செய்வினம் எண்டு. அவையளுக்கு நேரம் போதாமல் போச்சாம்."

தம்பி, உனக்கு அந்தப் பணிப்பாளர் சொன்னதை நீ எங்களுக்காக உன் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாய். எங்களைக் காப்பாற்றியிருக்கிறாய். நடுவில் நின்று எங்கள் பிழைக்கும் நீயே ஓடிப்போய் முன்னால் நின்றிருக்கிறாய்.

அவள் போய்ப் பெட்டியின் மேல் கிடந்ததை எடுத்தாள். கோபமாக இல்லை. ஓரம் ஓரத்தோடு பொருத்தி நாலாக மடித்தாள். செயலாளர் நீட்டிய கையைத் தாண்டி வந்து என் கையில் வைத்தாள். "நன்றி. இது எங்களுக்கு வேண்டாம்," என்றாள்.

அதுதான் டிக்கிக்குள் கிடக்கிறது. கோயிலுக்குக் கொடுங்கள் என்று மனைவி சொல்கிறாள். கொடுக்க மனம் இல்லை, வீட்டுக்குள் எடுக்கவும் மனம் இல்லை. சாமான் வாங்கிவரும்போது அதன் மேலேயே உருளைக்கிழங்குப் பையை வைக்கிறேன், எடுக்கிறேன்.

நாளைக்கு எனக்கும் ஒன்று போர்த்தப் போகிறார்களாம். இத்தனை வருடம் பெடியன்களை வான் ஓட்டி ஏற்றி இறக்கியதற்கு. செயலாளர் இப்போது தலைவர். வேண்டாம், கூப்பிட்டால் எழும்பமாட்டேன் என்று போன கிழமையே அவருக்குச் சொல்லிவிட்டேன். "என்னண்ணை, சின்னப்பிள்ளை மாதிரி. அது பழைய கதை," என்றார். "எனக்கு இல்லை," என்றேன். "அவர் ஒண்டும் நினைச்சிருக்க மாட்டார் அண்ணை," என்றார். போனை வைத்துவிட்டேன்.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அது பொறுப்பு. பிறகு இரண்டாம் வரிசையில், படிக்கு நேரே, நீ இருந்த கதிரையில் போய் இருப்பேன். பெயர்களை வாசிப்பார்கள். குளிர்பானம் தந்தவர், கூடாரம் தந்தவர். மண்டபம் கைதட்டும். நீ அன்றைக்கு மற்ற எல்லாருக்கும் தட்டிய சத்தம் எனக்கு அதற்குள்ளும் தனியாகக் கேட்கும், கடைசியாக ஓய்வது உன்னுடையது. அந்த நாளுக்குப் பிறகு எந்த மண்டபத்திலும், யாருக்கும், நான் கைதட்டியதில்லை. என் மகனின் பட்டமளிப்பில்கூடத் தட்டவில்லை. மனைவி முழங்கையால் இடித்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். நாளைக்கும் அப்படித்தான் இருப்பேன்.